சான்றோனும் கனதனவானும்

ஒரு தமிழனைப் பார்த்து ‘நீர் ஒரு செண்டில்மேன்’ என்று சொல்லிப் பாருங்கள். அவன் உச்சி குளிர்ந்து போவான். அதே தமிழனைப் பார்த்து ‘நீர் ஒரு சான்றோர்’ என்று சொல்லிப் பாருங்கள். தன்னை எவனோ நகையாடுகிறான் என்று எண்ணிச் சுற்றுமுற்றும் பார்ப்பான். முன்னைய சொல்லைக் கேட்டவுடன் அவன் கண்முன் மடிப்புக் கலையாத உடை வந்து நிற்கிறது. நுனிநாக்கு ஆங்கிலம் காதில் விழுகிறது. மகிழுந்தின் கதவைத் திறந்துவிட ஓர் ஏவலன் ஓடி வருகிறான். பின்னைய சொல்லைக் கேட்டால் அவன் கண்முன் எதுவும் வருவதில்லை. பள்ளியில் உருப்போட்டுத் தேர்வுத்தாளில் கொட்டிவிட்டு அன்றே மறந்துபோன ஓர் அதிகாரத்தின் தலைப்பு மட்டும் மங்கலாக நினைவில் தட்டுகிறது. 1993-ஆம் ஆண்டில் வெளிவந்த ஒரு தமிழ்த் திரைப்படத்திற்கே ‘செண்டில்மேன்’ என்பதுதான் பெயர்! தமிழில் பெயரில்லாத ஒரு பண்பைத் தமிழ்நாட்டில் திரையிட்டுக் காட்டினர் போலும்.

இது வெறுஞ்சொல்லைப் பற்றிய பூசல் என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டா. எவனை மதிப்பது, எவன் சொல்லை நம்புவது, எவள் அழுகைக்குச் செவி சாய்ப்பது என்பவற்றைப் பற்றிய வழக்கு இது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் தகடூர் என்று வழங்கிய மண்ணில், இன்று தருமபுரி என்னும் வடமொழிப் பெயரைச் சுமந்து நிற்கும் அதே மாவட்டத்தில், அவ்வழக்கு ஏட்டில் எழுதப்பட்டு, மன்றத்தில் ஏறி, முப்பது ஆண்டுக் காலம் நடந்திருக்கிறது. அதனைப் பின்னர்ப் பார்ப்போர், முதலில் சொற்களைப் பார்த்தல் வேண்டும்.

ஆங்கிலவன் வந்த பின்னர் அவனுடைய சொல்லுக்கு நிகர் என்று கருதித் தமிழில் புழங்கவிட்ட சொற்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். சீமான், சீமாட்டி, பிரபு, துரை, கனவான், கனதனவான். இவற்றுள் ‘சீமான்’ என்பது செல்வத்தைக் குறிக்கும் வடசொல்லின் அடியாக வந்தது. ‘கனதனவான்’ என்பதோ இன்னும் வெளிப்படையானது. மிகுந்த பொருள் படைத்தவன் என்று கூச்சமின்றிக் கூறிவிடுகிறது. அந்நாளைய மேடைகளில் ‘கனதனவான்களே!’ என்று ஒருவர் விளித்தபோது, காலில் செருப்பின்றிக் கூட்டத்தின் ஓரத்தில் நின்றிருந்தவன் விளிக்கப்படவே இல்லை. அவன் நின்றது நின்றபடியே. பேச்சு முன்வரிசை நாற்காலிகளுக்கு. பின்னாளில் தமிழ்நாட்டு மேடை ‘பெரியோர்களே, தாய்மார்களே’ என்று விளிக்கக் கற்றுக்கொண்டது. தமிழ் மேடை செய்த நல்ல செயல்களுள் அஃது ஒன்று. ஆயினும் மேடையை விட்டு இறங்கிய கனதனவான் தமிழனின் உள்ளத்தை விட்டு இறங்கவில்லை.

ஆங்கிலச் சொல்லின் பிறப்பும் இதனினும் உயர்ந்ததன்று. ‘செண்டில்’ என்பது குலத்தைக் குறிக்கும் இலத்தீனச் சொல்லின் வழி வந்தது. நற்குடியிற் பிறந்தவன், நிலத்தின் வருவாயில் வாழ்பவன், தன் கையால் உழைத்துண்ணும் தேவை இல்லாதவன் என்பதே நெடுங்காலம் அதன் பொருள். பிறப்பும் ஓய்வும்! இவ்விரண்டையும் கழித்துவிட்டுப் பண்பை மட்டும் வைத்துக்கொள்ள ஆங்கில நாட்டு நல்லறிஞர் பலர் பாடுபட்டனர் என்பதை மறுத்தற்கில்லை. சார்லசு டிக்கன்சு 1860, 61-ஆம் ஆண்டுகளில் எழுதிய பெருங்கதை ஒன்றில், கொல்லுலைக்கூடத்தில் வளர்ந்த ஏழைச் சிறுவன் ஒருவனுக்கு, யாரோ கொடுத்த பொருளால் ‘செண்டில்மேன்’ ஆகும் வாய்ப்புக் கிட்டுகிறது. இலண்டனுக்குப் போகிறான், உடை மாறுகிறது, நடை மாறுகிறது. தன்னை அன்போடு வளர்த்த கொல்லர் தன்னைக் காண வந்தபோது, அவருடைய நாட்டுப்புறத் தோற்றத்தைக் கண்டு நாணுகிறான். தன்னை உயர்த்திய பொருள், தான் ஒருகால் உணவு கொடுத்த ஒரு சிறைக்குற்றவாளியின் உழைப்பு என்பது பின்னரே தெரிகிறது. கதை முடியும்போது அந்நூலில் பெருந்தகை யார் என்பது எவர்க்கும் விளங்கிவிடும். உடை மாற்றிய இளைஞன் அல்லன், கரிபடிந்த கையுடைய கொல்லரே. ஆங்கிலவனின் இலக்கியமே அறிந்துகொண்ட இவ்வுண்மையை, ஆங்கிலத்தைக் கரைத்துக் குடித்ததாகச் சொல்லிக்கொள்ளும் தமிழன் அறிந்துகொள்ளவில்லை என்பதுதான் இரக்கத்திற்குரியது.

இனித் தகடூர் மண்ணுக்கு வருவோம். 1792-இல் திப்புவிடமிருந்து பாராமகால் நாடு கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு மாறியது. அலெக்சாண்டர் இரீடு என்னும் படைத்தலைவரின் துணையாளருள் ஒருவராக வந்த தாமசு மன்றோ, 1799 வரை இப்பகுதியில் நிலவரிப் பணி செய்தார்; தருமபுரியில் தங்கியிருந்தார். அவர் கொடியவர் அல்லர். ஊர் ஊராகச் சென்றார். உழவரிடம் நேரே பேசினார். பின்னாளில் சென்னை ஆளுநராக இருந்தபோது, இந்நாட்டு மக்களை உயர் அலுவல்களிலிருந்து ஒதுக்கி வைப்பது அவர்களை இழிவுக்குள்ளாக்கும் என்று 1824-இல் எழுதி வைத்தவரும் அவரே. ஆங்கிலச் சொல்லின் நல்ல பொருளிலேயே அவரைச் ‘செண்டில்மேன்’ எனலாம். ஆனால் ஒன்று கேட்க வேண்டும். அவர் முன் நின்ற உழவன், அவர் பிழை செய்தபோது அவரை முகத்துக்கு நேரே கடிந்துகொள்ள முடிந்ததா? வரி மிகை என்று மன்றாடலாம். ‘நீர் செய்வது உமக்கு அழகன்று’ என்று சொல்ல முடிந்ததா? ‘துரை நல்லவர்’ என்பதற்கு மேல் அவ்வுழவனிடம் சொல் இல்லை. துரை நல்லவராய் இருந்த வரையில் அவன் பிழைத்தான். அடுத்துவரும் துரை எப்படியோ! தன்னை எவரும் கடிந்துகொள்ள இயலாத உயரத்தில் இருந்துகொண்டு நல்லவனாக இருப்பது எளிய செயல். அஃது அருள்; சால்பு அன்று.

அதே தருமபுரி மண்ணில் அதற்கு ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கும் முன்னே வேறொரு முறை இருந்தது.

அதியமான் நெடுமான் அஞ்சி ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த செய்தியைத் தமிழ்ப் பிள்ளைகள் எல்லாரும் அறிவர். அடைதற்கரிய மலைப்பிளவில் இருந்து வந்த கனி. உண்டார்க்கு நெடுவாழ்வு தருவது என்று நம்பப்பட்டது. அதைத் தான் உண்ணாமல் ஒரு பாடினிக்குக் கொடுத்தான். இந்த அளவோடு கதையை நிறுத்திவிடுகின்றனர். ஆனால் ஔவையின் பாட்டு (புறநானூறு 91) வியந்து பேசுவது வேறொன்றை. அக்கனியின் பயன் இன்னது என்று அவன் வாய்திறந்து சொல்லவில்லை. தன் உள்ளத்தில் அடக்கிக்கொண்டு கொடுத்தான் என்பதே அது. பயனைச் சொல்லியிருந்தால் அவள் மறுத்திருப்பாள். அன்றியும் கொடுத்தவன் பெருமை கொடைக்கு முன்னால் வந்து நின்றிருக்கும். இன்று ஒரு பள்ளிக்கு நாலு மின்விசிறி கொடுத்துவிட்டு, ஒவ்வோர் இறகிலும் தன் பெயரை எழுதி வைக்கும் வள்ளல்களை இம்மாவட்டமும் அறியும், பிற மாவட்டங்களும் அறியும். விசிறி சுழலும்போது பெயர் தெரியாது என்பது ஒன்றே ஆறுதல்!

நெல்லிக்கனியை அறிந்தோருள் எத்தனை பேர் தகடூர்க் கோட்டை வாயிலில் நின்ற ஔவையை அறிவர்? அதே அஞ்சி, அதே ஔவைக்குப் பரிசில் தரக் காலம் நீட்டினான். ஔவை சினந்தாள். வாயில்காவலனை அழைத்து, உன் தலைவன் தன்னை அறியானா, என்னை அறியானா என்று கேட்டாள். அறிவும் புகழும் உடையோர் உலகில் அற்றுப்போய்விடவில்லை. கோடரியோடு காட்டுக்குள் புகும் தச்சனின் பிள்ளைக்கு மரம் கிடைக்காமற் போகாதது போல, எத்திசையிற் சென்றாலும் எமக்குச் சோறு உண்டு என்று யாழையும் கலப்பையையும் (இசைக்கருவிப் பையையும்) கட்டிக்கொண்டு புறப்பட்டாள். புறநானூற்றின் 206-ஆம் பாட்டு அது. மற்றொரு புலவர், பெருஞ்சித்திரனார், குன்றும் மலையும் பல கடந்து அஞ்சியைக் காண வந்தார். அவனோ அவரைக் காணாமலே பொருளை மட்டும் கொடுத்து அனுப்பினான். அவர் அதைத் தொடவில்லை. முகங்காணாது கொடுத்த பொருளைப் பெற்றுக்கொண்டு போக நான் பாட்டு விற்கும் வணிகன் அல்லேன். என் தகுதியை அறிந்து தினையளவு கொடுத்தாலும் அதுவே இனிது என்று சொல்லிச் சென்றார் (புறநானூறு 208).

இவ்விரு பாட்டும் அஞ்சியின் பிழையைச் சொல்கின்றன. சொன்னவர் இருவரும் இரந்து வந்தவர்கள். ஒருத்தி பாணர் குடியினள் எனக் கருதப்படுபவள். மற்றவர் வறுமைக்குப் பெயர்போன புலவர். படையும் கோட்டையும் உடைய ஒரு வேந்தனை, அவனுடைய வாயிலிலேயே நின்றுகொண்டு, ‘நீ தகாதது செய்கிறாய்’ என்கின்றனர். அவன் என்ன செய்தான்? நாவை அறுத்தானா? நாடு கடத்தினானா? அவனுடைய புகழைப் பாடிய பாட்டுகளோடு, அவனைக் கடிந்த பாட்டுகளும் ஒரே தொகையில் இன்று வரை இருக்கின்றன. அவனைக் கடிந்த ஔவையே பின்னர் அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றாள் என்றும், அவன் இறந்தபோது நெஞ்சு வெடிக்கப் பாடினாள் என்றும் மரபு கூறும். கடிந்துகொள்ள முடிந்த இடத்தில்தான் அன்பும் நிற்கும். அச்சத்தின் பேரில் பாடிய புகழ் மெய்க்கீர்த்தியோடு முடிந்து போயிருக்கும்.

அஞ்சி கதை மாந்தன் அல்லன். திருக்கோவலூரை அடுத்த சம்பையில் 1981-இல் கண்டறியப்பட்ட பழந்தமிழ்க் கல்வெட்டு, அவன் துறவியர்க்குக் கற்படுக்கை செய்து கொடுத்ததைப் பெயரோடு சொல்கிறது. அசோகனின் கல்வெட்டில் சேர, சோழ, பாண்டியரோடு எண்ணப்பட்ட ‘சத்தியபுத்திரர்’ அதியரே என்பது அதன்பின் உறுதிப்பட்டது. அவனை மாசற்றவனாக்கிக் கோயில் கட்டவும் தேவையில்லை. கோவலூரை எறிந்தவன் அவன். அங்கும் மக்கள் வாழ்ந்திருப்பர், அவர்கள் வீடும் எரிந்திருக்கும். அவன் காலத்துப் போர்களில் எந்த அறமும் தழைக்கவில்லை. அவனிடத்தில் பார்க்க வேண்டியது ஒன்றே: கீழே நிற்பவர் சொன்ன கடுஞ்சொல்லைத் தாங்கிக்கொண்டான்.

அவனை வென்றவனிடத்தும் அதே பண்பு இருந்ததென்பது இன்னும் வியப்பு. தகடூரை எறிந்த பெருஞ்சேரல் இரும்பொறையின் அரண்மனைக்கு மோசிகீரனார் என்னும் புலவர் வந்தார். வழிநடைக் களைப்பு. முரசை நீராட்ட எடுத்துச் சென்றிருந்தனர். பூப்பரப்பிய முரசுகட்டில் வெறுமையாய் இருந்தது. அது முரசுக்கு உரியது என்று அறியாமல் ஏறிப் படுத்து உறங்கிவிட்டார். மன்னனின் வெற்றிக்கும் மானத்திற்கும் அடையாளமான இடம் அது. அதில் ஏறியவனை வாளால் வெட்டுவதே அக்காலத்து முறை. சேரன் வந்தான், பார்த்தான். வாளை எடுக்கவில்லை, விசிறியை எடுத்தான். புலவர் விழிக்கும் வரை நின்று வீசினான். விழித்த புலவர் பாடியதே புறநானூற்று 50-ஆம் பாட்டு. ஒரு நாட்டையே அழித்த கை, உறங்கும் ஏழை ஒருவனுக்கு விசிறி பிடித்தது. அந்தக் கையைக் கண்டவர் அரண்மனையில் எத்தனை பேரோ, உறங்கியவர்க்குத் தெரியாது.

அரிசில்கிழார் இந்தச் சேரனைப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பத்தில் பாடியவர். அரசனும் அரசியும் அரண்மனையை விட்டு வெளியே வந்து நின்று, உள்ளே உள்ளவை எல்லாம் உம்முடையவை என்றனர். ஒன்பது நூறாயிரம் காணம் பொன்னோடு அரசுகட்டிலையும் கொடுத்தனர். புலவர் அரசை அவனே ஆளட்டும் என்று திருப்பிக் கொடுத்து அமைச்சை ஏற்றார் என்று அப்பத்தின் பதிகம் கூறும். அதே அரிசில்கிழார்தாம், தகடூர்ப் போரில் மாண்ட அதியமான் எழினிக்காகவும் இரங்கிப் பாடினார் (புறநானூறு 230). விதைத்தற்குரிய நெல்லைத் தின்றுவிட்ட அறிவிலி உழவன் போல ஆனாய் என்று கூற்றுவனைப் பழித்தார். வென்றவனைப் பாடிய வாய், தோற்றவனுக்காக அழுதது. ‘எம் பகைவனுக்கு அழுகின்றாயா?’ என்று எவனும் அவரைச் சிறையில் தள்ளியதாகச் செய்தி இல்லை. இக்காலத்தில் ஒரு கட்சித்தலைவன் மறைந்தபோது எதிர்க்கட்சித் தொண்டன் ஒருவன் கண்ணீர் விட்டால் அவனுடைய உறுப்பினர் அட்டை என்னவாகும் என்று எண்ணிப் பாருங்கள்!

வள்ளுவர் சான்றாண்மை என்று ஓர் அதிகாரமே (99) வகுத்தார். அன்பு, நாண், ஒப்புரவு, கண்ணோட்டம், வாய்மை என்னும் ஐந்தையும் சால்பைத் தாங்கும் தூண்கள் என்றார். இவ்வைந்தில் உடையும் இல்லை, மொழிநடையும் இல்லை, பிறப்பும் இல்லை. ஆயினும் இவ்வைந்தும் தமக்கு உண்டு என்று எவனும் சொல்லிக்கொள்ளலாமே! ஆகவே, பொன்னை உரைத்துப் பார்க்கக் கட்டளைக்கல் இருப்பது போலச் சால்பை உரைத்துப் பார்க்க ஒரு கல்லை அவ்வதிகாரத்தின் ஆறாம் குறளில் அவர் தந்தார். தனக்கு நிகரல்லாதவரிடத்தும் தோல்வியை ஒப்புக்கொள்ளுதலே அக்கல். உயர்ந்தவனிடம் தோற்றதை ஒப்புக்கொள்வதில் பெருமை ஏதும் இல்லை. அங்கு ஒப்புக்கொள்ளாமல் இருக்க வழியும் இல்லை. எளியவன் முன், ஏழை முன், நின்று ‘தவறு என்னுடையது’ என்று சொல்ல முடிகிறதா என்பதே ஆய்வு. அந்தக் கல்லில் உரைத்தால் மாற்றுக் குறையாத பொன் எத்தனை தேறும்?

வள்ளுவரும் ‘குடிமை’ என்று ஓர் அதிகாரம் வைத்து நற்குடிப் பிறப்பைப் புகழ்ந்தாரே, அவரும் கனதனவான் கட்சிதானே என்று சிலர் மடக்கப் பார்ப்பர். பிறப்பு எல்லா உயிர்க்கும் ஒன்றே, செய்தொழிலால்தான் வேறுபாடு என்று இரண்டு அதிகாரம் தள்ளி அவரே அடித்துச் சொன்னதை அவர்கள் படிப்பதில்லை. ‘சான்றோன்’ என்பது கழகக் காலத்தில் போர்மறவனையும் குறித்தது என்று காட்டுவர். உண்மைதான், புறநானூற்றில் அப்பொருளும் உண்டு. சொல் வளர்ந்தது. வாள் பிடித்தவனைக் குறித்த சொல், வாளைக் கீழே வைக்கத் தெரிந்தவனைக் குறிக்கும் அளவுக்கு வளர்ந்தது. ‘கனதனவான்’ எந்தத் திசையில் வளர்ந்தான் என்பதை அவர்கள்தாம் காட்ட வேண்டும்.

இச்சொல்லின் வேரையும் நோக்குக. சால் என்பது நிறைதல். அதன் அடியாகவே சால்பும் வந்தது, சான்றோரும் வந்தது. ‘சான்று’ என்பதும் வந்தது. நிறைந்தவனே சான்றோன், அவன் வாய்ச்சொல்லே சான்று. ஊர்ப்பொதுவில் ஒருவன் வந்து ‘நான் கண்டேன்’ என்றால் அதற்கு மேல் வேறு பேச்சு இல்லை என்னும் நிலை. தமிழன் சான்றை விட்டுவிட்டுச் ‘சாட்சி’ என்னும் வடசொல்லைப் பிடித்துக்கொண்டான். சான்றோனுக்கும் சான்றுக்கும் இடையே இருந்த தொப்புள்கொடி அறுந்தது. அறுந்ததால் வந்த கேடு சொல்லோடு நின்றுவிடவில்லை. அதற்குத்தான் தருமபுரி மாவட்டத்தின் வழக்கு.

அரூரை அடுத்து, சித்தேரி மலையின் அடிவாரத்தில் இருப்பது வாச்சாத்தி. மலைவாழ் மக்களின் சிற்றூர். 1992 சூன் 20-ஆம் நாள், சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லிக்கொண்டு காட்டுத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆகிய மூன்று துறையினரும் அவ்வூருக்குள் புகுந்தனர். ஆடவர் பலர் மலைக்கு ஓடினர். பெண்டிரும் முதியோரும் பிள்ளைகளும் ஊர் ஆலமரத்தடியில் கூட்டப்பட்டு அடிக்கப்பட்டனர். பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர். வீடுகள் நொறுக்கப்பட்டன, தவசம் பாழாக்கப்பட்டது, கிணற்று நீர் கெடுக்கப்பட்டது. பெண்களும் பிள்ளைகளும் குற்றவாளிகள் என்று சேலம் சிறையில் அடைக்கப்பட்டனர். ஊரே ஊரில் இல்லாமற் போயிற்று.

அப்பெண்கள் நடந்ததைச் சொன்னார்கள். சான்று சொன்னார்கள். மலைவாழ் மக்கள் சங்கத்தினர் அதனை வெளியுலகுக்குக் கொண்டுவந்தனர். பொதுவுடைமைக் கட்சித்தலைவர் நல்லசிவன் வழக்குத் தொடுத்தார். அரசு மறுத்தது. அரசு மறுப்பதில் வியப்பில்லை. எல்லா அரசும் அதைத்தான் செய்யும். ஆனால் சென்னை உயர் வழக்குமன்றமே அம்முறையீட்டை முதலில் தள்ளியது. பொறுப்பான பணியில் இருக்கும் அலுவலர்கள் இத்தகைய செயல்களைச் செய்திருப்பர் என்பது நம்பத் தக்கதாக இல்லை என்பது அதன் கருத்து.

இவ்வொரு கருத்தில்தான் இக்கட்டுரையின் வழக்கு முழுவதும் அடங்கியிருக்கிறது. பொறுப்பான பணி, சீருடை, படிப்பு, மாதந்தோறும் ஊதியம். இவை உடையவன் ‘செண்டில்மேன்’. அவன் செய்திருக்க மாட்டான். அழுக்குச் சேலை உடுத்து, எழுத்தறியாது, கடத்தற்காரி என்று பெயர் சூட்டப்பட்டு நிற்பவள் சொல்வது சான்றாகாது. இதனைக் கொண்டவர்கள் கொடியவர்கள் என்று சொல்லத் தேவையில்லை. ஈராயிரம் ஆண்டு அளவுகோலைத் தூக்கி எறிந்துவிட்டு ஆங்கிலவன் விட்டுச்சென்ற அளவுகோலைக் கையில் வைத்திருந்தார்கள். அந்தக் கோலால் அளந்தால் அந்த விடைதான் வரும்.

பின்னர் நடந்தவை அந்த விடை பொய் என்பதைக் காட்டின. வழக்கு தில்லி உச்ச வழக்குமன்றம் வரை சென்று திரும்பியது. பழங்குடியினர்க்கான நடுவண் ஆணையத்தின் பெண் அலுவலர் ஒருவர் நேரில் சென்று ஆராய்ந்து, பெண்கள் சொல்வது உண்மை என்று அறிக்கை தந்தார். அவரும் அலுவலர்தாம்; அவருக்கும் ஊதியமும் படிப்பும் இருந்தன; வேறுபாடு எங்கே இருந்தது என்பதைச் சொல்லத் தேவையில்லை. 1995-இல் வழக்கு நடுவண் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. குற்றஞ்சாட்டப்பட்டவர் 269 பேர்: காட்டுத்துறையினர் 155, காவல்துறையினர் 108, வருவாய்த்துறையினர் 6. வழக்கு இழுக்க இழுக்க அவர்களுள் 54 பேர் இறந்தே போயினர். 2011 செபுதம்பர் 29-இல் தருமபுரி மாவட்ட வழக்குமன்றம் எஞ்சிய 215 பேரையும், ஒருவரையும் விடாமல், குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்களுள் இந்தியக் காட்டுப்பணியின் உயர் அலுவலர்களும் இருந்தனர். ‘பொறுப்பான பணி’!

அத்துடன் முடிந்ததா? வள்ளுவரின் கட்டளைக்கல்லை நினைவு கொள்க. நிகரல்லாதவர் முன் தோல்வியை ஒப்புக்கொள்ள எவருக்கும் உள்ளம் வரவில்லை. மேல்முறையீடு செய்தனர். இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள். உயர் வழக்குமன்ற நடுவர் ஒருவர் வாச்சாத்திக்கே சென்று, அப்பெண்களின் ஊரையும் ஏரியையும் தம் கண்ணால் பார்த்தார். 2023 செபுதம்பர் 29-இல் மேல்முறையீடுகள் அனைத்தையும் தள்ளினார். பாலியல் வன்கொடுமைக்கு ஆளான ஒவ்வொருவர்க்கும் 10 இலக்கம் உருபா தர ஆணையிட்டார். அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்டக் காட்டு அலுவலர் ஆகியோர் மீதும் நடவடிக்கை வேண்டும் என்றார். 1992-இல் பதின்மூன்று அகவைச் சிறுமியாய் இருந்தவர்க்கு அப்போது நாற்பத்து நான்கு அகவை ஆகியிருந்தது.

அம்முப்பத்தோர் ஆண்டுகளில் அப்பெண்களிடம் எத்தனை முறை கேட்டிருப்பர், நடந்ததை மறுபடியும் சொல் என்று! எத்தனை அலுவலகம், எத்தனை கூண்டு, எத்தனை குறுக்குக் கேள்வி! அச்சுறுத்தலும் இருந்தது, வறுமை இருந்தது, ஊர்ப்பழி என்னும் முள் இருந்தது. அவர்கள் சொல் மாறவில்லை. அன்பு, நாண், ஒப்புரவு, கண்ணோட்டம், வாய்மை என்னும் ஐந்து தூண்களுள் வாய்மைத் தூணை முப்பது ஆண்டுக் காலம் தோளில் சுமந்து நின்றவர்கள் அவர்கள். சான்று சொன்னவர்கள், ஆதலால் சான்றோர். ஆங்கிலவனின் ‘செண்டில்மேன்’ அவர்களுக்குப் பொருந்தாது. அச்சொல்லில் ஆண்மட்டுமே உண்டு. கனதனவான் பொருந்தாது, அவர்களிடம் தனம் இல்லை. சான்றோர் என்னும் தமிழ்ச்சொல் ஒன்றே, ஆணுக்கும் பெண்ணுக்கும், உடையவர்க்கும் இல்லாதவர்க்கும் பொதுவாய் நின்று, அவர்களுக்கு அளவெடுத்தாற் போலப் பொருந்துகிறது.

இந்த மாவட்டத்தில் எங்கு பார்த்தாலும் நடுகற்கள். பிறர் ஆநிரையை மீட்கப் போய்ப் பட்டவனுக்கும் கல் உண்டு. தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிறுத்தி வைத்திருக்கின்றனர். அண்டையிலுள்ள செங்கம் பகுதியின் எடுத்தனூரில், கள்வரோடு போராடிய கோவிவன் என்னும் நாய்க்குக்கூட, அதன் தலைவனோடு சேர்த்துக் கல் எடுத்தான் பழந்தமிழன். பட்டயமும் பணிநிலையும் கேட்டு அவன் கல் நடவில்லை.

அதியமான்கோட்டையிலிருந்து புறப்பட்டால் ஒரு முற்பகலுக்குள் வாச்சாத்தியை அடைந்துவிடலாம். இடையில் ஈராயிரம் ஆண்டு தொலைவு ஒன்றும் இல்லை. ஆகவே தகடூர் நாட்டுத் தமிழாசிரியர்களிடம் கேட்க வேண்டியது இது: நெல்லிக்கனிப் பாடம் நடத்தும் நாளில், கனியோடு நிறுத்திவிட வேண்டா. கோட்டை வாயிலில் நின்று சினந்த ஔவையையும் சொல்லுங்கள். கொடுத்த பொருளைத் தொடாமல் நடந்த பெருஞ்சித்திரனாரையும் சொல்லுங்கள். பிறகு, அதே மாவட்டத்தின் ஆலமரத்தடியில் நின்ற பெண்களைச் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகளுள் காவலர் வீட்டுப் பிள்ளையும் இருக்கும், காட்டுக்காவலர் வீட்டுப் பிள்ளையும் இருக்கும், மலையிலிருந்து இறங்கி வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளையும் இருக்கும். ஒரு பிள்ளை எழுந்து, ‘ஐயா, இதில் சான்றோர் யார்?’ என்று கேட்கும். அதற்கு ஆசிரியர் மறுமொழி சொல்லியாக வேண்டும். மணி அடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்விடக் கூடாது.